யார் இழுத்த வயர்? டேஷ்போர்டு ப்ளோயரின் கதை

மோட்டார்ஹோமில் டேஷ்போர்டு ப்ளோயர் ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் ஃபியூஸைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வயரை இழுத்தது யார்? சேசிஸ் செய்த கம்பெனியா, பாடி கட்டிய பட்டறையா? இதற்குப் பதில் தெரியாமல் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு அரைநாள் படுத்துக் கிடக்கும் எலெக்ட்ரீஷியன்களை வாலாஜாபேட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் பார்த்திருக்கிறேன்.

நான் மென்பொருள் ஆள். இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதிய புரோகிராம்கள் சந்திக்கும் இடத்தில்தான் பிழை குடியிருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ப்ளோயரும் அப்படி ஒரு சந்திப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று தெரிந்தால், ரிப்பேரும் பாதி முடிந்த மாதிரி. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பலகை, பிறகு விசிறி

டேஷ்போர்டு என்ற சொல் காருக்கு முந்தியது. குதிரை ஓடும்போது குளம்பிலிருந்து சேறும் கல்லும் தெறிக்கும். அது வண்டியில் இருப்பவர் மேல் படாமல் தடுக்க முன்னால் ஒரு மரப்பலகையோ தோல்பலகையோ வைத்தார்கள். அதுதான் டேஷ்போர்டு. குதிரை போய் என்ஜின் வந்தது. பலகை அப்படியே நின்றது. இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் சூடு, எண்ணெய், புகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

ப்ளோயர் என்பது அந்தச் சுவரில் போட்ட ஓட்டை. வெளிக்காற்றையோ உள்காற்றையோ இழுத்து, சூடாக்கியோ குளிரவைத்தோ முகத்திலும் கண்ணாடியிலும் ஊதுவது அதன் வேலை. ஊதும் கருவி நமக்குப் புதிதில்லை. கொல்லன் பட்டறையின் தோல் துருத்தி அதே வேலையைத்தான் செய்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலால் வாழும் இந்தப் பட்டையில் துருத்தி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காருக்குள் ஊதவேண்டிய தேவை முதலில் குளிர் நாடுகளில் வந்தது. 1938-இல் அமெரிக்காவின் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, விசிறி வைத்து உள்ளே தள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் அதில் தெர்மோஸ்டாட் சேர்ந்தது. 1940 மாடல் பேக்கார்டு கார்களில் கம்பெனியே ஏசி பொருத்திக் கொடுத்தது. அதன் குளிர்விக்கும் பகுதி பின்னால் டிக்கியில் இருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த டேஷ்போர்டில் சுவிட்ச் கிடையாது. என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954-இல் மறுபடியும் நாஷ்தான் ஹீட்டர், ஏசி, விசிறி எல்லாவற்றையும் முன்பக்கமே ஒன்றாகச் சேர்த்தது. இன்று நம் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி அந்த வழியில் வந்ததுதான்.

குளிர் நாட்டில் ப்ளோயர் சொகுசுப் பொருள் இல்லை. கண்ணாடியில் பனி படிந்தால் வண்டி ஓட்ட முடியாது. அமெரிக்காவில் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த முதல் தொகுதி வாகனப் பாதுகாப்பு விதிகளிலேயே கண்ணாடியின் பனியையும் ஆவியையும் நீக்கும் ஏற்பாடு இடம்பெற்றுவிட்டது. விதி எண் 103.

நம்ம ஊரில் கதை வேறு. இங்கே ப்ளோயர் ஏசியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-இல் டென்சோ, சுசுகி கூட்டில் சுப்ரோஸ் நிறுவனம் தொடங்கிக் கார் ஏசிகளைச் செய்ய ஆரம்பித்தது. ஏசி வாங்க முடிந்தவனுக்கு ப்ளோயர், மற்றவனுக்கு ஜன்னல். அதனால் 'ப்ளோயர் போனால் என்ன, கண்ணாடியை இறக்கிக்கோ' என்ற மனப்பான்மை நம்மிடம் ஊறிவிட்டது. நவம்பர் மழையில் ஏலகிரி மலை ஏறும்போது முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகிப் போனவர்களுக்குத் தெரியும், அது சொகுசா பாதுகாப்பா என்று.

சேசிஸ் ஒருவர், கேபின் இன்னொருவர்

1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து புறப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளுக்கு முழு வண்டிகளாக வரவில்லை. என்ஜின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு முகப்புத் தகடு, அவ்வளவுதான். ஓட்டுநர் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிக்கொண்டு, திறந்தவெளியில் உட்கார்ந்தபடி அதை ஓட்டிக்கொண்டு போவார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் போனால் லாரிக்கு பாடி. கரூர் போனால் பஸ்ஸுக்கு பாடி. தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் சேர்ந்து கேபினைக் கட்டுவார்கள்.

அந்தக் கேபின்களுக்கு அழகு உண்டு. மரவேலை, ஓவியம், குஞ்சம் எல்லாம் உண்டு. காற்றுக்கு மட்டும் ஜன்னலும், திறந்து மூடும் சின்னப் பலகையும்தான். என்ஜின் மூடி பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும். மே மாதம் வேலூர் வெயிலில் வெளியே நாற்பது டிகிரி என்றால் உள்ளே என்ன என்று கேட்கவே வேண்டாம். ஓட்டுநர்கள் சொந்தக் காசில் ஒரு குட்டி ஃபேனை வாங்கி முகத்துக்கு நேராக மாட்டிக்கொள்வார்கள். இந்திய லாரியின் முதல் 'டேஷ்போர்டு ப்ளோயர்' அந்தக் கூண்டு ஃபேன்தான்.

இது ஏதோ நம் ஊர் ஏழ்மை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க மோட்டார்ஹோமும் இதே மாதிரிதான் பிறந்தது. மிச்சிகனில் ரே ஃபிராங்க் டாட்ஜ் சேசிஸ் மேல் வீட்டைக் கட்டினார். அயோவாவின் வின்னிபேகோ 1966-இல் மோட்டார்ஹோம் செய்ய ஆரம்பித்தபோது, சேசிஸை வெளியிலிருந்துதான் வாங்கியது. பேருந்து போல முகப்பு தட்டையாக இருக்கும் பெரிய மோட்டார்ஹோம்களில் டேஷ்போர்டே வீடு கட்டுபவரின் வேலை. உள்ளே இருக்கும் ஏசிப் பெட்டி மூன்றாவது ஒரு கம்பெனியிடமிருந்து வரும். என்ஜின் ஒருவர், வீடு ஒருவர், காற்று ஒருவர். சேசிஸ் கம்பெனியின் வயரிங் படத்தில் ப்ளோயரே இருக்காது. பாடி கட்டியவரின் படத்தில் சேசிஸ் இருக்காது.

இந்தப் பக்கத்து நடமாடும் அறைகள்

சுற்றுலாவுக்காக வீட்டைச் சக்கரத்தில் வைப்பது நமக்குப் புதிது. வேலைக்காக அறையைச் சக்கரத்தில் வைப்பது பழைய பழக்கம். 1909-இல் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரு பெஜோ காரில் ஏறி, குடியாத்தம் சாலையில் அங்கங்கே நிறுத்தி, வழியோரமே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். அது இந்தப் பட்டையின் நடமாடும் மருத்துவமனை. 1982-இல் பக்கத்து ஆந்திராவில் என்.டி.ராமராவ் ஒரு பழைய செவ்ரோலே வேனை மாற்றிக் கட்டி 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து, அதிலேயே ஊர் ஊராகப் போனார். இன்று படப்பிடிப்புக் கேரவன், ரத்ததான வண்டி, நடமாடும் பரிசோதனைக் கூடம், பிரச்சார வேன் எல்லாமே ஒரே குடும்பம்தான்.

இவற்றில் பல இந்த வழியாகத்தான் போகின்றன. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. சாலைக்கும் இது கூடுமிடம். சென்னையிலிருந்து வருபவர் இங்கே பிரிந்து ராணிப்பேட்டை, சித்தூர் பக்கமும் போகலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் போகலாம். வண்டி பழுதானால் ஒதுங்கப் பட்டறைகள் உண்டு.

சிறிய கேரவன்களுக்கு நம் நாட்டில் அதிகம் பயன்படும் அடித்தளங்களில் ஒன்று டிராவலர் வேன். 1987-இல் பஜாஜ் டெம்போ அறிமுகப்படுத்தியது. கம்பெனி 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. பெரிய கேரவன் என்றால் லேலண்ட் அல்லது டாட்டா பஸ் சேசிஸ். கேரவனில் பின்னால் கட்டில், சோபா, கண்ணாடி, கூரை மேல் ஏசி இருக்கும். அந்த ஏசி ஜெனரேட்டரில் ஓடும். முன்னால் ஓட்டுநரின் காற்று தனி. அது என்ஜினையும் வண்டி பேட்டரியையும் நம்பியது. பின்னால் இருப்பவருக்கு ஏசி நின்றால் ஐந்து நிமிடத்தில் போன் பறக்கும். முன்னால் ப்ளோயர் நின்றால்? ஆறு மாதம் அப்படியே ஓடும்.

"நாலாவதுல மட்டும் ஓடுது சார்"

இனி ரிப்பேருக்கு வருவோம். பட்டறைக்கு வரும் ப்ளோயர் புகார்களில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். ஒன்று, இரண்டு, மூன்றில் அசைவே இல்லை. நாலாவதில் வைத்தால் பேயாட்டம் ஆடுகிறது. இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி சர்க்யூட் படம் இருக்கிறது.

நம் வீடுகளில் முன்பு பெரிய பெட்டி மாதிரி ஃபேன் ரெகுலேட்டர் இருக்குமே, தொட்டால் சூடாக இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ப்ளோயர் ரெசிஸ்டரும் அதே தத்துவம். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் வழியில் கம்பிச்சுருளை வைத்துத் தடுப்பது. முதல் வேகத்தில் தடை அதிகம், மூன்றாவதில் குறைவு. நாலாவது வேகத்துக்குத் தடையே இல்லை, நேராகப் போகும். ஆகவே நாலாவது மட்டும் ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ரெசிஸ்டரோ அதன் வெப்ப ஃபியூஸோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

உதாரணக் கணக்கு ஒன்று. முதல் வேகத்தில் 2 ஓம் தடை வழியாக 4 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். தடை தின்பது 8 வோல்ட், வெப்பமாகப் போவது 32 வாட். மோட்டாருக்கு மிஞ்சுவது 4 வோல்ட்தான். அந்த 32 வாட் சூட்டை ஆற்ற, ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள்ளேயே வைக்கிறார்கள். விசிறி ஊதும் காற்றே அதைக் குளிரவைக்கிறது. விசிறி இறுகிப்போனால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், ரெசிஸ்டர் மேலும் சூடாகும், ஆற்றக் காற்றும் வராது. வெப்ப ஃபியூஸ் போகும்.

இதனால்தான் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் அதே வண்டி திரும்பி வருகிறது. புதிதைப் போடும் முன், கையால் விசிறியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றி மெதுவாக நிற்கவேண்டும். கரகரவென்றால் புஷ் தேய்ந்திருக்கிறது. தடுமாறினால் உள்ளே ஏதோ இருக்கிறது. புளியமரத்தடியில் நிறுத்திய வண்டிகளில் புளிய இலை, மாதக்கணக்கில் நிறுத்திய கேரவன்களில் எலிக்கூடு. வடிகட்டி இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

மற்ற அறிகுறிகளும் இப்படித்தான் பேசும்:

– எந்த வேகத்திலும் ஓடவில்லை: ஃபியூஸ், ரிலே, மோட்டார், எர்த். இந்த வரிசையில் பாருங்கள்.
– கீழ் வேகங்கள் ஓடுகின்றன, நாலாவது மட்டும் இல்லை: உச்ச வேகத்துக்கான ரிலே அல்லது சுவிட்சின் அந்தத் தொடுமுனை.
– டேஷ்போர்டைத் தட்டினால் ஓடுகிறது: மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இல்லையென்றால் கப்ளர் லூஸ்.
– ஓடுகிறது, காற்று முகத்துக்கு வரவில்லை: மோட்டாரை விடுங்கள், குழாயில் இருக்கும் திருப்பு கதவைப் பாருங்கள்.

புதிய வண்டிகளில் கம்பிச்சுருள் போய், மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை விட்டுவிட்டுக் கொடுக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூல் வந்துவிட்டது. வீட்டில் பெட்டி ரெகுலேட்டர் போய்ச் சின்ன ரெகுலேட்டர் வந்தது போல. ராணிப்பேட்டை பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்குச் செய்யும் ராட்சத விசிறிகளிலும் இதே கேள்வி உண்டு: ஊதுவதைக் குறைக்க, சக்தியை வீணாக எரிக்காமல் என்ன வழி? அந்த அளவு விசிறிகளில் இலைகளின் கோணத்தை மாற்றுவார்கள், அல்லது காற்று நுழையும் வாயின் தகடுகளைத் திருப்புவார்கள். கையளவு விசிறிக்கு ரெசிஸ்டர்தான் மலிவு. அதனால் அது இத்தனை வருடம் ஓடியது.

எர்த் எங்கே போச்சு?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். சாதாரணக் காரில் உடல் முழுக்க இரும்பு. நெகட்டிவ் முனையை எங்கே திருகினாலும் பேட்டரிக்குப் போய்ச் சேரும். கேரவனில் சுவர் ஃபைபர், தளம் பிளைவுட். அவை மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு எர்த்தும் தனி வயராகச் சேசிஸ் வரை போக வேண்டும். பாடி கட்டியவர் டேஷ்போர்டுக்குள் ஒரு அலுமினிய ஆங்கிளில் நாலைந்து எர்த்துகளைச் சேர்த்துத் திருகியிருப்பார். அந்த ஆங்கிளிலிருந்து சேசிஸுக்குப் போகும் ஒற்றை வயர் துருப்பிடித்தால்? ப்ளோயர் போட்டதும் இண்டிகேட்டர் மங்கும். ஹாரன் அடித்தால் ப்ளோயர் மெலியும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

வாலாஜா பட்டறை ஒன்றில் ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் இந்த மாதிரி வண்டியைப் பார்த்ததை நான் கவனித்தேன். கையில் மல்டிமீட்டர் இல்லை. ஹோல்டரில் ஒரு இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர். "மீட்டரு பன்னெண்டு காட்டும் சார். அத நம்பாதீங்க. பல்பு பொய் சொல்லாது" என்றார். முழுக்க முழுக்க இயற்பியல் அது. மீட்டர் மின்சாரம் இழுப்பதே இல்லை. அதனால் ஒரே ஒரு நூலிழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரில்கூட 12 வோல்ட் காட்டிவிடும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். நூலிழை வயரென்றால் மங்கும்.

ப்ளோயர் இழுப்பது அதைவிடப் பல மடங்கு. 15 ஆம்பியர் போகும் வழியில் வெறும் 0.1 ஓம் துரு இருந்தால் போதும். 1.5 வோல்ட் அங்கேயே தொலையும், 22.5 வாட் வெப்பம் ஒரு சின்னக் கப்ளருக்குள் உருவாகும். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுவது இப்படித்தான். இந்தப் பட்டையில் இன்னொரு காரணமும் சேரலாம். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அந்த அழுகிய முட்டை வாடை செம்பைக் கருப்பாக்கும்; அந்தக் கருப்புப் படலத்தில் மின்சாரம் சரியாகப் போகாது.

சோதனை எளிது. பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக ஒரு தடித்த வயரை மோட்டாரின் எர்த் முனைக்குக் கொடுங்கள். விசிறி சீறினால் குற்றவாளி எர்த். அசையவில்லையா? ஃபியூஸ் வைத்த இன்னொரு வயரில் பாசிட்டிவும் நேராகக் கொடுங்கள். இப்போது ஓடினால் மோட்டார் நல்லது, நடுவில் இருப்பதில்தான் கோளாறு. அப்போதும் ஓடாவிட்டால் மோட்டாரைக் கழற்றலாம். எங்கள் பாஷையில் சொன்னால், நடுவில் இருக்கும் எல்லோரையும் ஒதுக்கிவிட்டு இரண்டு முனைகளை மட்டும் பேச வைப்பது.

பெரிய சேசிஸில் இன்னொரு வம்பு, 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பாடி கட்டுபவர் கையில் 12 வோல்ட் ப்ளோயரோ ஸ்டீரியோவோ இருந்தால், இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார். வேலை செய்யும். ஆனால் ஒரு பேட்டரி காலியாகிக்கொண்டே வரும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும். கொஞ்ச நாளில் இரண்டும் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைப்பதுதான் முறை.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. 20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 40 போடுவது, அல்லது செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது. ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, வயரை. கேரவனில் அந்த வயருக்குப் பக்கத்தில் இருப்பது பிளைவுட், ஃபோம், திரைச்சீலை. சில வண்டிகளில் கேஸ் சிலிண்டரும்.

ஓட்டுநரின் காற்று

கேரவன் கட்டுவதற்கு இந்தியாவில் ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ்-052. லாரி ஓட்டுநரின் காற்றுக்குச் சட்டம் வர இன்னும் தாமதமானது. 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். பேக்கார்டு தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி எண்பத்தைந்து வருடம் கழித்து!

சட்டம் பெட்டியை மாட்டச் சொல்லலாம். ஐந்தாவது வருடம் அது ஓடுமா என்பது வயரை இழுத்தவர் கையிலும், படத்தை எழுதி வைத்தவர் கையிலும் இருக்கிறது. நல்ல பாடி பில்டர்கள் சிலர் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டுகிறார்கள். எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த நிற வயர் எங்கே போகிறது, எர்த் எங்கே சேசிஸைத் தொடுகிறது. லாமினேட் செய்த ஒரே ஒரு தாள். கேரவன் கட்டக் கொடுப்பவர்கள் சோபா துணியின் நிறத்தைப் பத்து தடவை மாற்றிக் கேட்கிறார்கள். அந்தத் தாளையும் ஒரு தடவை கேளுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் அடுத்து தலையை விடப்போகும் எலெக்ட்ரீஷியன் உங்களை வாழ்த்துவார். நடு மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஆம்பூர் தாண்டுபவரும்தான்.